சங்கு ஊதியவருக்கு வெள்ளிப் பதக்கம்

கொஞ்சம் தள்ளி உக்காருதியளா? பை மடியிலயே இருக்கட்டும், பரவால்ல. முன்னால எடம் இருக்கேன்னு பாக்கியளா? இருக்குதான். டிரைவருக்குப் பின்னால, பச்சைத் துண்டைத் தலையில சுத்திக்கிட்டு ஒரு பெரியவரு தூங்குதாரு பாருங்க, அவரு பக்கத்து எடம் திருநெல்வேலியில இருந்தே காலி. அவரு எங்கப்பா. அவரு பக்கத்துல நான் உக்காரமாட்டேன்.

கோவம்னு நினைச்சிராதீங்க. எனக்கு யாரு மேலயும் கோவம் கிடையாது. லைப்ரரியில கேட்டுப் பாருங்க, வடிவு மேடம் மாதிரி பொறுமைசாலி கிடையாதுன்னு சொல்லுவாக. சொல்லாதவங்களுக்கு நான் புத்தகம் குடுக்கிறதில்ல.

என் பேரு சிதம்பரவடிவு. சிப்பித்துறை கிளை நூலகத்துல லைப்ரரியன். ஆனா ஊருக்குள்ள வந்து சிதம்பரவடிவு வீடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. சங்கு வீடு எதுன்னு கேக்கணும். அப்ப ரெண்டு பேரு கூடவே வந்து வாசல்ல விட்டுட்டுப் போவாக. என்னையச் சங்கு மகள்னு சொல்லுவாக. எங்கம்மா இருந்தவரைக்கும் அவ சங்கு பொண்டாட்டி. அம்மா செத்தன்னிக்கு நிஜமாவே சங்கு ஊதுறதுக்கு ஆள் வந்தாரு. வந்தவரு வாசல்ல நின்னு, "இந்த வீட்டுக்கு நான் எதுக்கு?"ன்னு கேட்டாரு. நாலு பேரு சிரிச்சாக. யாரு யாரு சிரிச்சான்னு எனக்கு ஞாபகம் இருக்கு.

கோயில் சங்கு இல்லம்மா, மில் சங்கு. நாப்பத்திரண்டாம் வருஷம் எங்க ஊர்ல ஒரு பஞ்சு மில் இருந்துச்சு. கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டு பத்துப் பதினஞ்சு நாள்தான் ஆயிருந்துச்சு. மெட்ராஸே காலியாகுதுன்னு பேச்சு. எங்க ஊருக்கும் கொழும்புக்கும் நடுவுல தண்ணி மட்டுந்தானே, அதனால விமானம் வந்தா மில் சங்கை விட்டு விட்டு ஊதணும், ஜனங்க ஊரைவிட்டு மேற்க பனங்காட்டுக்குள்ள ஓடணும்னு ஏற்பாடு. சங்குக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மாடியில உக்காந்திருக்க ஒரு ஆளைப் போட்டாக. அது எங்கப்பா, பிறவிப்பெருமாள். அப்ப அவருக்கு இருபத்திரண்டு வயசு. கீழே டைம்கீப்பர் ரூமுல டெலிபோன். தூத்துக்குடியில இருந்து தகவல் வந்தா டைம்கீப்பர் வெளியே வந்து கையைக் காட்டணும், அப்பா கயித்தை இழுக்கணும். அவ்வளவுதான் வேலை.

டைம்கீப்பர் பேரு அரியநாயகம். அந்தப் பேரை நல்லா கேட்டுக்கிடுங்க.

சித்திரை மாசம் ஒரு மத்தியானம் சங்கு ஊதிச்சு. ஊரே ஓடிச்சு. உலையை இறக்காம ஓடுனாக, பாதி சவரத்துல ஓடுனாக. சாயங்காலம் வரைக்கும் பனங்காட்டுக்குள்ள உக்காந்து வானத்தைப் பாத்தாக. ஒரு விமானமும் வரல. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து விசாரிச்சப்போ அரியநாயகம் என்ன சொன்னாரு தெரியுமா? "டெலிபோன் எதுவும் வரல. பையன் ஒரு பருந்தைப் பாத்து விமானம்னு நினைச்சுட்டான்"னு சொன்னாரு. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாராம். அடுத்த வாரம் திருநெல்வேலியில இருந்து வார ஒரு பேப்பர்ல தலைப்பு: "பருந்தைக் கண்டு பறந்தது ஊர்." அந்தப் பேப்பர் இப்ப அச்சாகுறதில்ல, நின்னு போச்சு. ஆனா அந்த ஒரு வரி ஐம்பது வருஷமா எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கு. அப்பாவுக்கு வேலை போச்சு. பருந்துச் சங்குன்னு பேரு வந்துச்சு. அப்புறம் அதுவும் சுருங்கிச் சங்கு ஆயிட்டு.

உண்மையில டெலிபோன் வந்திருக்கு. எடுத்தது அரியநாயகம். தப்பான தகவல்னு தெரிஞ்சதும் தன்னைக் காப்பாத்திக்கிட்டு எங்கப்பாவைப் பலி குடுத்துட்டாரு. இதை யாரு சொன்னான்னு கேக்கியளா? யாரும் சொல்லல. சொல்லணுமா? அம்மா ஒரு தடவை அப்படித்தான் இருக்கும்னா. எனக்கு அப்ப எட்டு வயசு. அதுல இருந்து எனக்குத் தெரியும். அப்பாகிட்ட கேட்டா, "அது முடிஞ்ச கதைளா"ன்னு எந்திரிச்சு வெளியே போயிருவாரு. அரியநாயகத்தைப் பத்தி ஒரு வார்த்தை குறையாச் சொல்லமாட்டாரு. அவ்வளவு நல்ல மனுசன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இன்னொண்ணும் சொல்லுதேன். தீபாவளிக்குத் தீபாவளி அரியநாயகம் வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு வேட்டியும் சேலையும் வரும். அப்பாவுக்கு உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கியில எடை போடுற வேலை வாங்கிக் குடுத்ததும் அவருதான். தப்பு செஞ்சவன் மனசு அது. வேற எதுக்கு ஒரு மனுசன் வருஷா வருஷம் துணி அனுப்புவான்? அந்தச் சேலைகளை நான் தரை துடைக்கத்தான் வச்சிருந்தேன். அரியநாயகம் தெருவுல போற நேரமாப் பாத்து வாசல்ல உதறிக் காயப்போடுவேன்.

இருபத்திமூணு வயசுல எனக்கு ஒரு வரன் வந்துச்சு. அம்பாசமுத்திரம். மாப்பிள்ளை பேரு குற்றாலலிங்கம், கூட்டுறவு சொசைட்டியில வேலை. வந்து பாத்தாக, காபி குடிச்சாக, போனாக. பத்து நாள் கழிச்சுத் தரகர் வந்து, "அங்க ஏதோ யோசிக்காகம்மா"ன்னாரு. என்ன யோசனைன்னு அம்மா கேட்டா. அவரு செருப்பை மாட்டிக்கிட்டே, "ஏதோ பேச்சு"ன்னாரு. என்ன பேச்சு இருக்கும்? சங்கு வீட்டுப் பொண்ணை எடுத்தா கல்யாண வீடு என்னத்துக்காகும்னு பேச்சுதான். அதுக்கப்புறம் நான் யாருக்கும் காபி கொண்டுபோய்க் குடுக்கல. எனக்கு இப்ப நாப்பத்திநாலு.

அரியநாயகம் எண்பதுல செத்துப்போனாரு. எழவுக்கு நான் போனேன். நிஜமாத்தான் செத்தாரான்னு பாக்கப் போனேன். அவரு மகன் தெய்வநாயகம் அதுக்குள்ள பெரிய ஜவுளிக்கடைக்காரன் ஆயிட்டான். போதாதுன்னு எங்க லைப்ரரி வாசகர் வட்டத்துக்குத் தலைவர். ஒரு புத்தகமும் படிச்சதில்ல. நேருல மேடம்னுவான். நான் அந்தப் பக்கம் திரும்புனதும், "சங்குகிட்டச் சொல்லி ஃபேனைப் போடச் சொல்லு"ம்பான். என் காது நல்லா கேக்கும்.

இந்த வருஷம் தை மாசம் அவன் லைப்ரரிக்கு வந்தான். ஊர் ஓடி ஐம்பது வருஷம் ஆகுது, சித்திரையில அதை ஒரு விழாவா கொண்டாடணும்னான். எந்த ஊர்லயாவது ஓடுனதுக்கு விழா எடுப்பாகளா? இவன் எடுப்பான். அவங்கப்பா பெட்டியில இருந்து அந்தப் பழைய பேப்பரைக் கண்டுபிடிச்சானாம். பெருசாக்கி, கண்ணாடி போட்டு, மேடையில வைக்கப்போறேன்னான். எங்கப்பாவை மேடையில ஏத்தி ஒரு சங்கைக் குடுத்து ஊதச் சொல்லப்போறேன்னான். "ஜனங்களுக்கு ஒரு தமாஷ் மேடம்." நான் முடியாதுன்னு சொல்லுததுக்கு முன்னாலயே நேரா எங்க வீட்டுக்குப் போயிருக்கான். எங்கப்பாவும் அதுக்கென்ன, வாரேன்னு சொல்லியிருக்காரு. எழுபத்திரண்டு வயசுல தன்னைப் பாத்து ஊர் சிரிக்கத் தானே நடந்து போறேன்னு சொல்ற மனுசனை என்ன செய்ய?

விழா மலர்ல ஒரு பக்கம் நகைச்சுவை வேணும், நீங்கதான் எழுதணும்னான். அந்த யுத்தம் வேற மாதிரிப் போயிருந்தா, ஜப்பான்காரன் நிஜமாவே நம்ம ஊர்ல இறங்கியிருந்தா, அன்னிக்குப் பேப்பர்ல என்ன தலைப்பு வந்திருக்கும்? அந்த மாதிரி ஏழெட்டு.

நான் சிரிச்சுக்கிட்டே சரின்னேன். ஐம்பது வருஷமா ஒருத்தன் கையில இருந்த கத்தியை அவன் மகனே கொண்டாந்து எங்கிட்ட குடுத்தா வேண்டாம்னா சொல்லுவேன்?

மூணு வாரம் எழுதுனேன். மொதல்ல ரெண்டு மூணு பொதுவா வச்சேன், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுல்லா. எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லுதேன் கேளுங்க.

"சிப்பித்துறையில் ஜப்பான் கவர்னர் இறங்கினார். ராகு காலம் முடியும்வரை படகிலேயே காத்திருந்தார்."

"ஜப்பான் மொழி கட்டாயமில்லை என்று கவர்னர் உறுதி. ஊர் நம்பவில்லை, தார்ச் சட்டிகள் தயார்."

"தளபதியின் பச்சை மீனில் புளிக்குழம்பு ஊற்றிய சமையல்காரி கைது. தளபதி சாப்பிட்டு முடித்ததும் விடுதலை."

சிரிக்கியளா? சிரிங்க. கம்பாசிட்டரே சிரிச்சாரு. அடுத்ததுதான் என் வேலை.

"பருந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. வயிற்றில் இரண்டு குண்டுகள். சங்கு ஊதியவருக்கு வெள்ளிப் பதக்கம்."

"கவர்னருக்கு ஆலாத்தி எடுத்தார் மில் டைம்கீப்பர். டெலிபோனில் வரச் சொன்னதே நான்தான் என்று பெருமிதம்."

"ஊர் ஓட்டத்தில் டைம்கீப்பர் முதலிடம். மனைவியை மறந்து வந்ததை எட்டாவது மைலில் உணர்ந்தார்."

கடைசியா இது: "டெலிபோனை எடுத்தது யார்? ஐம்பது ஆண்டு விசாரணை முடிந்தது. பருந்து நிரபராதி."

பேரு போடல பாருங்க. டைம்கீப்பர்னு மட்டுந்தான். எங்க மில்லுல எத்தனை டைம்கீப்பர்? ஒருத்தருதான்.

அச்சாகுறதுக்கு முன்னால தெய்வநாயகத்துக்கிட்ட புரூஃப் குடுத்தேன். ஒளிச்சு வைக்கலம்மா. கையில குடுத்தேன். அவன் தன்னோட போட்டோ மங்கலா இருக்குன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். ஐநூறு பிரதி.

விழா அன்னிக்கு சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம் நிறைஞ்சுட்டு. மேடையில கண்ணாடிக்குள்ள அந்தப் பேப்பர். ஐம்பது வருஷமா காதுல கேட்ட வரியை அன்னிக்குத்தான் மொதமொதல்ல கண்ணால பாத்தேன். எழுத்து ரொம்பச் சின்னதா இருந்துச்சு. மூணாம் பக்கத்துல, ஒரு தைல விளம்பரத்துக்குக் கீழே. நான் முதல் பக்கம்னுல்லா நினைச்சிருந்தேன்.

மலரைக் குடுக்கக் குடுக்கச் சிரிப்பு ஆரம்பிச்சுது. மொதல்ல அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு. அப்புறம் வரிசை வரிசையா. ஒருத்தரு படிச்சு அடுத்தவரு காதுல சொல்லுதாரு, அவரு திரும்பி தெய்வநாயகத்தைப் பாக்காரு. அவன் மேடையில உக்காந்து, தன்னோட விழாவுக்குத்தான் இம்புட்டுக் கலகலப்புன்னு எல்லாரையும் பாத்துக் கும்பிட்டுக்கிட்டிருந்தான். யாரோ ஒருத்தரு கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டுனாரு. படிச்சான். அவன் முகத்தை நான் பாத்தேன். மூணாவது வரிசையில நல்ல எடமாப் பாத்துத்தான் உக்காந்திருந்தேன். உண்மையைச் சொல்லுதேன், எனக்குக் கல்யாணம் ஆயிருந்தா அன்னிக்குக்கூட அவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டேன்.

அதோட விட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

மொத வரிசையில தெய்வநாயகத்தோட அம்மா இருந்தாக. அரியநாயகம் பொண்டாட்டி, வெள்ளத்தாய் ஆச்சி. கண்ணு சரியாத் தெரியாது. எதுக்குச் சிரிக்காகன்னு பக்கத்துல கேட்டிருக்காக. பக்கத்துல இருந்தவ ஒரு மண்டு, அப்படியே வாசிச்சுக் காட்டிட்டா. மனைவியை மறந்து வந்தார்ங்கிறது வரைக்கும். ஆச்சி மெதுவா எந்திரிச்சாக. சத்தமெல்லாம் போடல. மேடைப் பக்கம் பாத்துக்கூடப் பேசல. ஆனா அந்த வரிசைக்கு முன்னாலதான் மைக் நின்னுச்சு, எல்லாருக்கும் கேட்டுட்டு.

"அவுக என்னைய மறக்கல. நான் அப்ப ஏழு மாசம். என்னால ஓட முடியாது. மில்லுல இருந்து வீட்டுக்கு ஓடிவந்து, என்னையத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே நாலு மைல் நடந்தாக. எல்லாருக்கும் கடைசியாத்தான் நாங்க பனங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்."

சிரிப்பு நின்னு போச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. ஏழு மாசம்னா அது வயித்துல இருந்தது இந்தத் தெய்வநாயகந்தானேன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். இவனைக் காப்பாத்தவா நாலு மைலுன்னு.

அப்பத்தான் மேடையில இருந்த எங்கப்பா எந்திரிச்சு இறங்கி வந்தாரு. கையில அவங்க குடுத்த சங்கு இருக்கு. ஊதப்போறாருன்னு நினைச்சேன். அதைக் கொண்டுபோய் ஆச்சி பக்கத்து நாற்காலியில வச்சுட்டு மைக்கைப் பிடிச்சாரு. அவரு மைக்ல பேசி நான் பாத்ததே இல்ல.

"அன்னிக்கு டெலிபோன் அடிக்கல"ன்னாரு. "பருந்தும் வரல. வானத்துல ஒண்ணுமே இல்ல. ரெண்டு வாரமா அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மாடியில உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட இழுக்கல. ஒரு நாளாவது இழுத்துப் பாத்தா என்னன்னு தோணிச்சு. இழுத்துட்டேன். யுத்தச் சட்டத்துல பொய்யா சங்கு ஊதுனா ஜெயிலு. நான் விமானத்தைக் கண்டுட்டேன்னு நம்பி ஓடுன பெரியவரு அரியநாயகத்துக்கிட்டப் போய் அழுதேன். அவருதான் இந்தப் பருந்துக் கதையை உண்டாக்கி, எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுதுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட தானும் சேர்ந்து சொன்னாரு. யாருக்கும் சொல்லமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாரு. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல போல. என்னைய மன்னிச்சிருங்க ஆச்சி."

சொல்லிட்டு அந்த அம்மா கால்ல விழப்போனாரு. தெய்வநாயகம் மேடையில இருந்து இறங்கி ஓடிவந்து பிடிச்சுக்கிட்டான். "எங்கப்பா எங்ககிட்டகூடச் சொல்லலியே"ன்னு அழுதான். ஐம்பது வயசு ஆம்பளை, மைக் முன்னால. அவனுக்குப் போடறதுக்கு வச்சிருந்த சால்வையை எங்கப்பாவுக்குப் போட்டான். ஜனங்க கைதட்டுனாக. எதுக்குத் தட்டுனாக? ஊரை முட்டாளாக்குனதுக்கா? எனக்கு அந்தக் கைதட்டல் விளங்கவே இல்ல. நான் ஒருத்தி மூணாவது வரிசையில மடியில இருபது மலரை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் என்னையப் பாக்கல. இல்ல, எல்லாரும் பாத்தாக. அதுதான் சரி.

நீங்க அதை நம்பியளா? எங்கப்பா சொன்னதை? நான் நம்பல. ஆச்சி கண்ணு கலங்குனதைப் பாத்ததும் இவரு மனசு இளகிப்போச்சு. தானா ஒரு கதையைக் கட்டி எல்லாப் பழியையும் தன் தலையில போட்டுக்கிட்டாரு. அவரு சுபாவம் அப்படி. செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லன்னா சொல்லப்போறாரு?

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாவைக் கேட்டேன். எனக்கு வரன் தட்டிப்போச்சே, இருபத்தொரு வருஷமா நான் அரியநாயகம் குடும்பத்தைத் திட்டிக்கிட்டிருக்கேனே, நீங்க சொன்னது நிஜம்னா அன்னிக்கே ஏன் சொல்லலன்னு. அவரு தெருவுல நின்னுட்டாரு.

"நீ அவுகளைத் திட்டும்போதெல்லாம் என்னையத்தான் திட்டுதன்னு கேட்டுக்கிட்டிருந்தேன் வடிவு. அதுக்கு மேல எனக்குத் தைரியம் வரல."

அன்னிக்கு நிறுத்துனதுதான், அவருகிட்டப் பேச்சு. மூணு மாசம் ஆகுது. சமைச்சுப் போடுதேன், மாத்திரை எடுத்து வைக்கேன், வென்னி போட்டுக் குடுக்கேன். அதெல்லாம் செய்யாம விட்டா ஊர் என்னையத்தானே சொல்லும். ஏதாவது சொல்லணும்னா செவத்தைப் பாத்துச் சொல்லுவேன். அவரும் செவத்தைப் பாத்தே பதில் சொல்லப் பழகிட்டாரு.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, தெய்வநாயகம் இப்ப தினமும் காலையில எங்க வீட்டுக்கு வாரான். கடை திறக்கப் போறதுக்கு முன்னால ஒரு பிளாஸ்குல காபி. ரெண்டு பேரும் உக்காந்து அவங்கப்பாவைப் பத்திப் பேசுதாக. அரியநாயகம் எப்படி நடப்பாரு, எப்படித் தும்முவாருன்னு எங்கப்பா நடிச்சுக் காட்டுதாரு, இவன் குழந்தை மாதிரி சிரிக்கான். ஒருநாள் நான் முன்கதவைப் பூட்டி வச்சேன். கொல்லைப்பக்கமா சுத்தி வந்துட்டான். எங்கிட்ட வந்து, "மேடம், அந்தப் பச்சை மீன் தலைப்பு நல்லா இருந்துச்சு, நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்"ங்கான். அவன் வாழ்க்கையில படிச்சு முடிச்ச ஒரே பக்கம் அது. அவனைக் கொல்லத்தான் நான் எழுதுனேன்.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. சரி, எங்கப்பா சொன்னது நிஜம்னே வச்சுக்கிடுவோம். அப்ப அந்த நிஜத்தைக் கேக்க வேண்டிய ஆள் இன்னும் ஒருத்தரு இருக்காரே. அந்தக் குற்றாலலிங்கம். அவரு வீட்டுக்கு இவரைக் கூட்டிக்கிட்டுப் போகணும். நான் சும்மா கயித்தை இழுத்ததுனாலதான் இவ வாழ்க்கை போச்சுன்னு எங்கப்பா வாயால அவருகிட்டச் சொல்லணும். அவரு முகத்தையும் பாக்கணும், இவரு முகத்தையும் பாக்கணும். அதுக்கப்புறம் இவரு எப்படிக் காபி குடிக்காருன்னு பாக்கேன். தபாலாபீஸ்ல விலாசம் விசாரிச்சேன். நேத்து செவத்தைப் பாத்து, "நாளைக்கு அம்பை போகணும்"னேன். எதுக்குன்னு அவரு கேக்கல. சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டாரு.

காலையில போய் எறங்கி, வீட்டைக் கண்டுபிடிச்சோம். குற்றாலலிங்கத்துக்குத் தலை முழுக்க வழுக்கை. இடுப்புல ஒரு பேரக் குழந்தை. எங்களை அடையாளம் தெரியல. நான் பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் வாங்க வாங்கன்னு உக்கார வச்சாரு. அவரு பொண்டாட்டி வடை கொண்டாந்து வச்சா. நல்ல குணமாத்தான் தெரிஞ்சா, அதுவும் எனக்குப் பிடிக்கல.

எங்கப்பா ஒரு எழுத்து விடாம எல்லாத்தையும் சொன்னாரு. கயிறு, பருந்து, பேப்பர், பட்டப்பேரு. அந்தப் பேராலதான் எம்பொண்ணுக்கு உங்க சம்பந்தம் தட்டிப்போச்சு, அது என் தப்புன்னு கையைக் கும்பிட்டாரு. நான் குற்றாலலிங்கம் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

அவரு, "என்ன சங்கு?"ன்னு கேட்டாரு.

கேள்விப்பட்டதே இல்லையாம். அவரு வீட்டுல யாருக்குமே தெரியாதாம். அப்புறம் எதுக்கு வேண்டாம்னீங்கன்னு நானே கேட்டேன். அவரு பொண்டாட்டியைப் பாத்தாரு. அவ சும்மா சொல்லுங்கன்னா.

"நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. எங்க பெரியக்கா உங்ககிட்ட, பாடத் தெரியுமான்னு கேட்டா. நீங்க, உங்க வீட்டுல ரேடியோ இல்லையான்னு கேட்டீங்க. அக்கா பஸ் ஏறுற வரைக்கும் பேசல. வீட்டுக்கு வந்ததும், இந்தப் பொண்ணு வந்தா நான் பிறந்த வீட்டுக்கே வரமாட்டேன்னுட்டா. எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அந்த ரேடியோவை நினைச்சு நான் ஒரு வாரம் சிரிச்சேன்."

இதையும் நீங்க நம்புவீங்க. உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஒருத்தரு வீடு தேடி வந்து கையைக் கும்பிடும்போது, ஆமா சங்குக்காகத்தான் வேண்டாம்னோம்னு எந்த மனுசன் வாய்விட்டுச் சொல்லுவான்? மரியாதைக்கு ஒண்ணு சொன்னாரு. நான் ரேடியோன்னு சொன்னேனா? சொல்லியிருப்பேன். அதுல என்ன தப்பு? அவங்க வீட்டுல ரேடியோ இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

ஆனா எங்கப்பாவைப் பாருங்க. அதைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில சாஞ்சாரு. "அப்ப சங்கு காரணம் இல்ல"ன்னாரு. மறுபடியும், "சங்கு காரணமே இல்லைளா வடிவு"ன்னு எங்கிட்ட சொன்னாரு. எதிர்ல இருந்த வடையை எடுத்தாரு. ஒண்ணு இல்ல, மூணு. அந்தக் குழந்தைக்குச் சங்கு மாதிரி வாயால ஊதிக் காட்டுனாரு. எழுபத்திரண்டு வயசு. கன்னத்தை உப்பிக்கிட்டு, ஊஊன்னு. அது கையைத் தட்டுது, இவரு மறுபடியும் ஊதுதாரு. நான் எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், அங்க என்ன நடக்குது பாருங்க.

திருநெல்வேலியில பஸ் ஏறி உக்காந்தவரு, அந்தா தூங்குதாரு. எனக்குத் தெரிஞ்சு அவரு பகல்ல தூங்குனதே இல்ல. ராத்திரியே சரியாத் தூங்கமாட்டாரு, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவாரு. வயசானா அப்படித்தான்னு நினைச்சிருந்தேன். இப்ப பாருங்க, ஹாரன் அடிக்கான், பள்ளத்துல தூக்கிப் போடுதான், ஒரு அசைவு கிடையாது. வாயைப் பிளந்துக்கிட்டு என்ன தூக்கம். அந்தத் தூக்கத்தைத்தாம்மா என்னால பொறுத்துக்கிட முடியல. என் தூக்கத்தை எடுத்து அவருகிட்ட குடுத்துட்ட மாதிரி இருக்கு.

இந்த பஸ் உடன்குடி வரைக்கும் போகும், இல்லையா? நீங்க அங்கதான் இறங்கப் போறீங்க? நல்லதாப் போச்சு. நான் திருநெல்வேலியிலயே முடிவு பண்ணிட்டேன். சிப்பித்துறை வந்ததும் நான் மட்டும் இறங்கிருவேன். அவரை எழுப்பமாட்டேன். உடன்குடியில போய் முழிச்சு, எந்த ஊருன்னு தெரியாம நிக்கட்டும். ஒரு மத்தியானம் ஊரையே பனங்காட்டுக்குள்ள உக்கார வச்சாருல்லா, ஒரு மணி நேரம் அவரும் எங்கயாவது உக்காரட்டும். நீங்க தயவுசெஞ்சு எழுப்பிராதீங்க. பரிதாபப்பட்டு எதுவும் செஞ்சிராதீங்க.

உப்பளம் வந்துட்டு. அடுத்தது எங்க ஊரு.

என்ன, அப்படிப் பாக்கியளே. மத்தியான மாத்திரையைத்தான் அங்கேயே குடுத்துட்டேனே. சாயங்காலம் ஒண்ணு இருக்கு, அது ஏழு மணிக்கு. உடன்குடியில இருந்து திரும்பி வார பஸ் எத்தனை மணிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? எனக்கும் தெரியாது. இவரு யாருகிட்டயும் கேக்கவும் மாட்டாரு. நின்ன எடத்துலயே நிப்பாரு. சிரிச்சுக்கிட்டே நிப்பாரு.

அந்தத் தெய்வநாயகம் வேற காலையில வந்து, அப்பா எங்கன்னு கேப்பான்.

கொஞ்சம் காலை நகத்திக்கிடுங்கம்மா. வாரேன். கண்டக்டர், விசில் அடிச்சிராதீங்க, ரெண்டு பேரு இறங்கணும். முன்னால பெரியவரு இருக்காரு, மெதுவாத்தான் இறங்குவாரு. நிப்பாட்டி வைங்க. அப்பா. அப்பா, எந்திரிங்க. துண்டை எடுத்துக்கிடுங்க. என் தோளைப் பிடிங்க, படி உசரமா இருக்கு. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு, கீழே பாத்து இறங்குங்க.